யூ இல்லாத க்யூ

டாக்ஸி என்று அடுக்கி வைத்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஸ்கிராபிளில் எக்ஸ் எழுத்துக்கு 8 புள்ளி, சும்மாவா? அக்கா மகன் ஒன்றும் சொல்லவில்லை. டாக்ஸியின் கடைசி எழுத்தான ஐக்கு நேர் மேலே ஒரு க்யூவை வைத்தான். அந்த க்யூவுக்கு வலப்பக்கம் இன்னொரு ஐ. அவ்வளவுதான்.

"62 மாமா, எழுதிக்குங்க."

"ஏண்டா, க்யூவுக்குப் பக்கத்துல யூ எங்கடா?"

"யூ வேணாம் மாமா. மேலேருந்து படிச்சாலும் ச்சி, குறுக்கே படிச்சாலும் ச்சி."

திட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அகராதியைப் புரட்டினால், இருக்கிறது. உடம்பில் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் உயிராற்றல். நம் பிராணன் மாதிரி. க்யூவுக்கு 10 புள்ளி. அது உட்கார்ந்ததோ எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டம். ஆக 30, ஐக்கு 1, இரண்டு பக்கமும் சேர்த்து 62.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வுபெற்றவன். எந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும், எது வராது என்று பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தவன். ஆங்கிலத்தில் அந்த மாதிரி எனக்குத் தெரிந்த ஒரே விதி, க்யூ வந்தால் பின்னாலேயே யூ வரும் என்பது. அதுவும் அன்றைக்குப் போயிற்று.

விதி எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். க்யூ ஆதியில் பினீசியர்களின் எழுத்து. நம் க போல இல்லாமல் தொண்டையின் அடியிலிருந்து எழும் ஒரு ஒலிக்காக வைத்திருந்தார்கள். எபிரேயத்தில் இன்றும் அது கோஃப் என்ற பெயரில் 19ஆவது எழுத்து. (கோஃப் என்பதே ஸ்கிராபிளில் செல்லும், அதிலும் யூ கிடையாது.) கிரேக்கர்கள் வாங்கிக் கொஞ்ச காலம் வைத்திருந்து கைவிட்டார்கள். ரோமானியர்கள் யூவுக்கு முன்னால் மட்டும் எழுதினார்கள். பழைய ஆங்கிலத்தில் 'குயின்' என்ற சொல்லுக்கே க்யூ கிடையாது. சியும் டபிள்யூவும் போட்டுத்தான் எழுதினார்கள். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அதை மாற்றினார்கள். நான் விதி என்று நம்பியது, வந்து ஏறியவர்களின் கைப்பழக்கம்.

யூ இல்லாத சொற்களில் பாதி நமக்குத் தெரிந்த முகங்கள். பக்கீர், காஜி, தலாக். அரபியில் இரண்டு ககரம் உண்டு. ஒன்று காஃப், இன்னொன்று அடித்தொண்டையில் பிறக்கும் காஃப். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது பாருங்கள்! ஆங்கிலேயரும் முதலில் பக்கீருக்கு சாதாரண 'கே' போட்டார்கள். பிறகு வந்த பண்டிதர்கள் மூல எழுத்தைக் காட்டியாக வேண்டும் என்று இரண்டாவது காஃபுக்கு க்யூவை ஒதுக்கினார்கள். வந்த விருந்தாளியை அவனுடைய உடுப்போடேயே உள்ளே விட்டுவிட்டார்கள். தொல்காப்பியர் இதற்கு ஒப்பமாட்டார். வடசொல்லே ஆனாலும் தமிழ் எழுத்துக்கு மாறித்தான் வர வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் புள்ளி கிடைப்பது ஆங்கிலத்தின் வழிக்கு.

இந்த வரிசையில் என்னை உட்கார வைத்த சொல் கனாத். ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை ஊருக்குக் கொண்டுவரும் சுரங்கக் கால்வாய். ஒரு தாய்க் கிணறு தோண்டி, அங்கிருந்து வாட்டம் பார்த்து மண்ணுக்கடியில் குடைந்துகொண்டே வருவார்கள். மண்ணை மேலே எடுக்கவும் காற்றுக்கும் வழி நெடுகக் குழிகள். மேலிருந்து பார்த்தால் எறும்புப் புற்றுகள் வரிசை கட்டியது போல இருக்கும். ஏற்றம் இல்லை, பம்பு செட் இல்லை, சரிவில் தண்ணீர் தானே வந்துவிடும். 2016இல் ஈரானின் 11 கனாத்துகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. ஐந்து ஆங்கில எழுத்துக்குள் இத்தனை வேலை!

"மாமா, கனாத்னா என்னன்னு யாரு கேட்டா? எத்தனை புள்ளின்னு சொல்லுங்க" என்கிறான் பையன். அவன் கட்சிக்கு ஆள் பலம் உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே சொற்பட்டியலை மனப்பாடம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிளின் உலகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். பிரமிப்பாகத்தான் இருக்கிறது. என்னால் முடியாது. பொருள் தெரியாத சொல்லைக் கட்டத்தில் வைக்கக் கை வருவதில்லை.

ஆங்கில உயிரெழுத்து ஐந்தில் ஒன்றுகூட இல்லாத சொல்லும் உண்டு: சி, டபிள்யூ, எம். 'கூம்' என்று படிக்க வேண்டும். வேல்ஸ் மொழியில் பள்ளத்தாக்கு. அங்கே டபிள்யூவே உயிரெழுத்து. எவரெஸ்டின் மடியில் கிடக்கும் பனிப் பள்ளத்தாக்குக்கு 1921இல் ஜார்ஜ் மேலரி இந்தப் பெயரைத்தான் வைத்தார். டென்சிங்கும் ஹிலாரியும் 1953இல் இந்த வழியாகத்தான் ஏறினார்கள்.

இரண்டெழுத்துச் சொற்கள் ஸ்கிராபிளுக்கான காலின்ஸ் பட்டியலில் 127. ஜோ என்றால் ஸ்காட்லாந்தில் காதலர். சூ, வியட்நாமின் பழைய காசு. இரண்டு ஏ சேர்ந்தால் ஹவாய்த் தீவின் கரடுமுரடான எரிமலைக் குழம்பு, ஒலிப்பது ஆ ஆ. நமக்கு ஒரு ஆ போதும், பசு வந்துவிடும். அப்படி ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூலார் எண்ணியே வைத்திருக்கிறார். இதைச் சொன்னால் பையன் சிரிக்கிறான்.

இந்த விளையாட்டை உண்டாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எண்ணித்தான் வில்லைகளைப் பங்கிட்டார். மொத்தம் 100 வில்லை, அதில் க்யூ ஒன்றே ஒன்று. ஆட்டம் முடியும்போது அது உங்கள் கையில் தங்கிவிட்டால் 10 புள்ளி கழிந்துவிடும். அதனால் க்யூ வந்து மாட்டினால் யூவுக்காகக் காத்திருக்காதீர்கள். யூ நான்குதான். ஐ ஒன்பது இருக்கிறது.