10,080 விதமாகப் பங்கு போடலாம்!

ஈரோட்டில் பிறந்த மேதை எழுதிய அதிசய எண்

6 லட்சத்து 74 ஆயிரத்து 632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

படிக்கவே மூச்சு வாங்குகிறதா? எண்ணால் எழுதினால் 13 இலக்கம்: 6746328388800. இதை 1 முதல் 28 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி வராது. 29-ல்தான் முதன்முதலாக இடறும். மொத்தம் 10,080 எண்கள் இதை மீதியின்றி வகுக்கும். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

இந்த எண்ணைத் தம் பட்டியலின் கடைசியில் எழுதி வைத்தவர் கணித மேதை ராமானுஜம். அவரைக் கும்பகோணத்துக்காரர் என்றே பலரும் சொல்வார்கள். அங்கே வளர்ந்தார், அவ்வளவுதான். 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி அவர் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். பாட்டனார் ஈரோடு முன்சீப் கோர்ட்டில் அமீனா. ஈரோடு அப்போது கோவை ஜில்லாவைச் சேர்ந்தது.

மஞ்சள் மூட்டைக் கணக்கு

அந்த எண்ணில் அப்படி என்ன விசேஷம்? ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கே போவோம். 13 மூட்டை இருக்கிறது. மூட்டையைப் பிரிக்காமல் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் சரிபாகம் போட முடியுமா? முடியாது. மூன்று பேருக்கும் முடியாது. 12 மூட்டை என்றால் சண்டையே இல்லை! 2, 3, 4, 6 பேர், யார் வந்தாலும் சமபங்கு. 1-ஐயும் 12-ஐயும் சேர்த்தால், 12-ஐ வகுக்கும் எண்கள் ஆறு. 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. அதை அடுத்து மிஞ்சுவது 24. அதற்கு எட்டு. பிறகு 36, 48, 60 என்று போகும். ஒரு மணிக்கு 60 நிமிஷம் இருப்பது பாகம் பிரிக்க எவ்வளவு வசதி, பாருங்கள்!

இப்படி முன்னதை மிஞ்சிக்கொண்டே போகும் எண்களைத்தான் ராமானுஜம் ஆராய்ந்தார். பெரிய எண்ணை உடைத்தால் சூட்சுமம் தெரியும். 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. எல்லாவற்றையும் பெருக்கினால் அந்த எண். சிறியவை அதிகம், பெரியவை குறைவு. இந்த ஒழுங்கை அவர் நிரூபித்துக் காட்டினார்.

பட்டம் வந்தது

கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைக் கவனிக்காததால் கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர் அவர். பட்டம் இல்லாமலே 1914-ல் இங்கிலாந்து போனார். மறு வருஷம் இந்த ஆராய்ச்சியை லண்டன் கணிதச் சங்கம் வெளியிட்டது. அதற்காகக் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை 1916-ல் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது! ஆனால், சங்கத்துக்கு அப்போது பண முடை. கட்டுரையின் பின்பகுதியை அச்சிடாமல் விட்டுவிட்டார்கள். அது வெளிவந்தது 1997-ல். ராமானுஜம் காலமாகி 77 வருஷத்துக்குப் பின்!

பட்டியலில் இருந்தவை 102 எண்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அத்தனையும் கைக்கணக்கு. அதில் ஒரே ஒரு எண் விட்டுப் போயிற்று. அது எது என்று தேடி எங்கும் அலைய வேண்டாம். அவரே எழுதிய அந்தக் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வராது. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்று விடை வரும். விட்டுப் போனது அதுதான்!