எழுத்துப் பிழையில் பிறந்த ஓ.கே.

1839 மார்ச் 23 அன்று வெளியான ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ நாளேட்டில், வேறொரு பத்திரிகையைச் சீண்டி ஒரு குறும்புக் குறிப்பு வந்தது. நடுவில் ‘ஓ.கே.’ என்ற இரண்டெழுத்து. பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’ என்று விளக்கம். ஓ.கே.வுக்கு இன்று நாம் அறிந்த முதல் அச்சுச் சான்று இதுதான்.

‘ஆல் கரெக்ட்’டின் முதலெழுத்துகள் ஏ, சி அல்லவா? குசும்பே அங்கேதான். அந்நாள் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்குச் சொற்களை வேண்டுமென்றே தப்பாக எழுதி, அதன் பிறகு சுருக்குகிற பித்து பிடித்திருந்தது. ‘ஆல் ரைட்’ ஓ.டபிள்யூ. ஆனது, ‘நோ யூஸ்’ கே.ஒய். ஆனது. எல்லாம் சரி என்பதையே பிழையோடு எழுதினால் சிரிப்பு வராமலா இருக்கும்?

மற்ற சுருக்கங்கள் சீக்கிரமே வழக்கொழிந்தன. ஓ.கே.வைக் காப்பாற்றியது 1840 அதிபர் தேர்தல். அதிபர் மார்ட்டின் வான் பியூரனின் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக். அதனால் ‘ஓல்டு கிண்டர்ஹூக்’ என்று பட்டப்பெயர். ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கம் தொடங்கினார்கள். எதிரணி சும்மா இருக்குமா? முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது, கோப்புகளில் ஓ.கே. என்று கிறுக்கியவர் அவர்தான் என்று கதை கட்டியது. வான் பியூரன் தோற்றுப்போனார். அதற்குள் ஓ.கே. ஊரெங்கும் பரவிவிட்டது.

பிறகு தந்திக்காரர்கள் செய்தி சேர்ந்ததைச் சொல்ல அதைப் பயன்படுத்தினார்கள். இது சோக்டா பழங்குடியினரின் சொல் என்று நம்பிய அதிபர் உட்ரோ வில்சன் ‘ஓகே’யின் எழுத்துகளையே மாற்றி எழுதினார். இத்தகைய கதைகளுக்கு நடுவே பழைய நாளேடுகளைத் துருவி 1963, 64-இல் உண்மையை நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட்.

கணினிக்குள் அது நுழைந்த விதமும் வேடிக்கை. ஆப்பிளின் லிசா கணினியை உருவாக்கியவர்கள் முதலில் பொத்தானில் ‘டு இட்’ என்றுதான் எழுதினார்கள். சோதித்துப் பார்க்க வந்த ஒருவர் ஆங்கில ‘ஐ’ எழுத்தை ‘எல்’ என்று எடுத்துக்கொண்டு, அதை ‘டோல்ட்’, அதாவது முட்டாள் என்று படித்துக் கடுப்பாகிவிட்டார். அதன்பின் அங்கே ஓ.கே. வந்தது.

பொருளும் ஓரிடத்தில் நிற்கவில்லை. சரிபார்த்தாயிற்று என்ற முத்திரை சம்மதமாயிற்று; இன்று அரைமனதாகவும் தேய்ந்திருக்கிறது. தமிழிலேயே பாருங்கள்: “சம்பந்தம் ஓகே ஆயிடுச்சு” என்றால் உறுதி. “ஓகே, அப்புறம் பேசலாம்” என்றால் விடைபெறுதல். “படம் எப்படி?” என்று கேட்டு “ம்… ஓகே” என்று பதில் வந்தால், டிக்கெட் எடுக்கும்முன் இன்னொருவரையும் விசாரித்துக்கொள்வது நல்லது.