கோணல் புரதத்தின் சகவாசம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்கு 'டை'யின் அருமை தெரியும். டை லேசாகக் கோணினால் அந்த ஷிப்ட்டில் அடித்த தகடு அத்தனையும் கோணல்தான். மெஷினை நிறுத்தி, டையைக் கழற்றிச் சரிசெய்தால் அடுத்த பீஸ் ஒழுங்காக வந்துவிடும். ஆனால் கோணலான பீஸ் ஒவ்வொன்றும் தானே ஒரு டையாக மாறி, பக்கத்தில் கிடக்கும் நல்ல பீஸையும் கோணலாக்கினால்? பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் நடப்பது ஏறக்குறைய அதுதான்.

அங்கே கோணும் பீஸ் ஒரு புரதம், பெயர் ஆல்ஃபா சைநியூக்ளின். 140 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. நரம்பு முனையில், சேதிப் பொருளைச் சுமக்கும் நுண்பைகளின் அருகே நிறைய இருக்கும். தனியாக இருக்கும்போது இதற்கென்று நிலையான உருவம் கிடையாது, நெளிந்துகொண்டே இருக்கும். நுண்பையின் சவ்வைத் தொட்டால் சுருண்டு ஒட்டிக்கொள்ளும், விட்டால் மறுபடி அவிழும். சேரும் இடத்துக்குத் தக்க வடிவம்.

இந்த நெகிழ்வே வினையாகிறது. சில சைநியூக்ளின்கள் நீண்டு மடங்கி, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிவிட்டால் ஒரு நார் வளரத் தொடங்கும். அந்த நாரின் நுனி, வந்து தொடும் புதுச் சைநியூக்ளினையும் தன் வடிவத்துக்கே மடக்கும். நார் உடைந்தால் ஆபத்து குறையாது. இரண்டு புது நுனிகள் கிடைக்கும். நரம்பு செல்லுக்குள் இப்படிச் சேரும் உருண்டைகளை ஃப்ரீட்ரிச் லூயி 1912இலேயே விவரித்துவிட்டார். அவற்றின் முக்கியச் சரக்கு சைநியூக்ளின்தான் என்பது 1997இல்தான் தெரிந்தது.

2008இல் வெளியான ஒரு சான்று என்னை இன்னும் உலுக்குகிறது. பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு, கருவிலிருந்து எடுத்த நரம்பு செல்களை மூளையில் பொருத்தியிருந்தார்கள். பத்து ஆண்டுகளுக்கும் மேலாகி அவர்கள் இறந்தபின் சோதித்தால், அந்த இளம் செல்களிலும் லூயி உருண்டைகள். பரம்பரையும் வேறு, வயதும் குறைவு. சகவாச தோஷம் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம், எப்படி மடங்கவே முடியாது என்று சொல்லும் வரைபடம் நம் சென்னையில் பிறந்தது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும் அதை வெளியிட்டார்கள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பும். அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையை வைத்தாலே வரைபடத்தின் பெரும்பகுதி அடைபட்டுப் போகும். மிஞ்சும் திட்டுகளில் ஒன்று சுருளுக்கு, ஒன்று நீண்ட தகட்டு வடிவத்துக்கு. சைநியூக்ளினின் நோய் வடிவம் விதியை மீறியதல்ல. அனுமதிக்கப்பட்ட அந்தத் தகட்டுத் திட்டில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. 2001இல் மறைந்த ராமச்சந்திரனுக்கும் கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் இருந்தது.

இப்படிக் கோணும் புரதங்கள் வேறு நோய்களிலும் உண்டு: அல்சைமரில் செல்லுக்கு வெளியே அமிலாய்டு பீட்டா, உள்ளே டாவ், ஹண்டிங்டனில் ஹண்டிங்டின். ஆள் வேறு, பிடிக்கும் முறை ஒன்றுபோல. போதாததற்கு இவை கூட்டும் சேரும்: அல்சைமர் வந்த மூளைகள் பலவற்றில் லூயி உருண்டைகளும் கிடைக்கின்றன. கோணலை நிமிர்த்தவும் கழிவை அகற்றவும் செல்லிடம் ஆட்கள் உண்டு. வயதாக ஆக அவர்கள் கை தளர்கிறது.

பார்க்கின்சனுக்கு இன்று தரும் முக்கிய மாத்திரை லெவோடோபா. அது மூளையில் குறைந்துபோன டோபமின் என்ற சேதிப் பொருளை ஈடுகட்டும். நார் வளர்வதை நிறுத்தாது. நம்மூர்ப் பூனைக்காலி விதையிலும் இதே லெவோடோபா உண்டு. 1937இல் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி வாங்கி, மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள், அளவு எகிறிவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் தொட வேண்டாம்.

கை நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் குறைவது, மலச்சிக்கல், கனவில் கத்திக் கை கால் உதறுவது எனச் சில அறிகுறிகள் வரலாம். இவை வந்தாலே பார்க்கின்சன் என்று பயப்பட வேண்டாம். ஆனால் இவற்றோடு நடை தளர்ந்து, கையெழுத்தும் சிறுத்துக்கொண்டே போனால், 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடாமல் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.