மேய்ச்சல் காட்டில் வெள்வேல்

காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் அங்கங்கே வெள்வேல மரங்களும் சேர்ந்து வளர்கின்றன. மரம் வைத்தால் மேய்ச்சல் கெடும் என்ற அச்சத்துக்கு இந்த நிலமே பதில். வெள்வேலின் சிற்றிலைகள் வெயிலை வடிகட்டித்தான் விடுகின்றன. நிழலில் புல் செத்துப்போவதில்லை. அதன் வேர்முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. புல் காய்ந்த கோடையில் உதிரும் காய்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீவனம். மரம் கரிமத்தையும் சேமிக்கிறது: உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். புல்வேர்களும் தம் பங்கை மண்ணுக்குள் சேமிக்கின்றன.

அப்படியானால் நெருக்கமாக நட்டு இன்னும் அதிகக் கரிமம் சேர்க்கலாமே என்பார்கள். ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெறும் மண் அத்தனை மரங்களைத் தாங்காது. தரையில் கூடு கட்டும் கவுதாரிக்கும் வானம்பாடிக்கும் திறந்த புல்வெளிதான் வீடு. சீக்கிரம் வளர்கிறதென்று சீமைக்கருவேலத்தை விடுவதும் தீர்வாகாது; அது முள்புதராக அடர்ந்து புல்லையே ஒழித்துவிடும். மரம் வளரும்வரை வருமானம் ஏது என்ற கேள்விதான் உண்மையிலேயே கனமானது. கன்றுகளை ஆடு கடிக்காமல் சில ஆண்டுகள் காக்க வேண்டும். அப்படிக் காக்கும் செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. இல்லையேல் கொறங்காடுகள் வீட்டுமனைகளாகிக்கொண்டே போகும்.