இஞ்சின் பீச்சும் தண்ணீர்

தர்மபுரத்தில் கடல் இல்லை. வயலையும் குளத்தையும் நம்பிய ஊர். ஆனால் பரந்தன்–முல்லைத்தீவு வீதியைப் பிடித்துக் கிழக்கே போனால் முல்லைத்தீவுக் கரை. அங்கே பைபர் படகுகளின் பின்பக்கத்தில் வெளியிணைப்பு இயந்திரங்கள். இஞ்சின் பிடித்ததும் பக்கத்துச் சிறு துளையிலிருந்து மெல்லிய தண்ணீர்த் தாரை பீச்சும். ஓட்டுபவர் முதலில் திரும்பிப் பார்ப்பது அதைத்தான்.

எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழக் காற்பங்குதான் புரொப்பெல்லரைச் சுற்றுகிறது. மீதி பெரும்பாலும் சூடாகிப் போகிறது. காரில் அதை ரேடியேட்டர் காற்றுக்குக் கொடுக்கும். படகைச் சுற்றிக் கடலே இருக்கும்போது ரேடியேட்டர் எதற்கு? இஞ்சினின் அடிக்கால் தண்ணீரை உறிஞ்சி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு, புகையோடு கடலுக்கே திருப்பிவிடுகிறது. அதிலிருந்து கிள்ளியெடுத்த மாதிரிதான் அந்தத் தாரை.

உறிஞ்சுவது உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் சக்கரம், இம்பெல்லர். அது பம்ப் கிண்ணத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். ஒதுங்கிய பக்கத்தில் இதழ்கள் மடங்க, இடம் குறைந்து தண்ணீர் தள்ளப்படும். மறுபக்கத்தில் அவை நிமிர, இடம் விரிந்து தண்ணீர் உள்ளே வரும். வேகம் கூடினால் தண்ணீரின் எதிர்ப்பே இதழ்களைச் சுவரிலிருந்து விலக்கிப் பிடிக்கும். அப்போது அது சாதாரண சுழல் பம்ப். அதனால்தான் தேய்ந்த இம்பெல்லர் மெதுவோட்டத்தில் முதலில் காட்டிக்கொடுக்கும்.

இதழ்களுக்கு மசகும் அந்தத் தண்ணீர்தான். "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாப்பம்" என்று கரையில் வெறுமனே ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே ரப்பர் கருகிவிடும். அடுத்த எதிரி மணல். முல்லைத்தீவு திறந்த கரை. அலை உடையும் இடத்தில் தண்ணீரோடு மணலும் உள்ளே போய் இதழை அராவும்.

கடல்நீரில் லீட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. இஞ்சின் ஓடும்போது வம்பு செய்வது கறியுப்பு அல்ல, கல்சிய, மக்னீசியச் சேர்மங்கள். சூடு ஏற ஏற இவை பிரிந்து சுவரில் கல்லாகப் படியும். கடல்நீர் நேரே ஓடும் இஞ்சின்களில் தெர்மோஸ்டாட் 50–60 பாகை செல்சியஸ் அளவிலேயே திறப்பது இதற்காகத்தான். காரில் அது 80ஐத் தாண்டும். கறியுப்பின் வேலை இஞ்சின் நின்ற பிறகு: மூலைகளில் தேங்கிய நீர் காய்ந்து உப்புப் பூக்கும். பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி இஞ்சினைச் சற்று நேரம் ஓடவிடுவதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

இஞ்சினின் அலுமினிய உடலைக் கடல்நீர் அரிக்காமல் காப்பது அடியில் பூட்டிய நாகக் கட்டி. தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காக்கும். 1824இல் ஹம்ஃப்ரி டேவி பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டை இப்படித்தான் காக்கப் பார்த்தார். செம்பு கரையவில்லை. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் சிப்பியையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. அது நின்றதும் கப்பலடி முழுக்க அவை மொய்த்துவிட்டன! நம் படகுக்காரருக்கு வேறு எச்சரிக்கை: நாகக் கட்டிக்குப் பெயின்ற் அடித்தால் அது இருந்தும் பயனில்லை.

பலநாள் மீன்பிடிக் கலங்களில் பொதுவாக இஞ்சினுக்குள் நன்னீர் சுற்றும். கடல்நீர் வெப்பமாற்றியோடு திரும்பிவிடும். அங்கே கண் வைக்கவேண்டியது கடல்நீர் உள்ளே வரும் குழாயும், கலத்தின் அடியில் அதன் வால்வும் வடிகட்டியும். அந்தக் குழாய் கழன்றால் கடலே உள்ளே வரும்.

தாரை நின்றால் இஞ்சினை உடனே நிறுத்தவேண்டும். முதலில் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள்; பலமுறை உப்போ மணலோ அடைத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் இம்பெல்லரைக் கழற்றி இதழ்களை எண்ணவேண்டும். ஒன்று குறைந்தால் அந்தத் துண்டு மேலே எங்கோ தண்ணீர்ப் பாதையில் சிக்கியிருக்கும். அதை எடுக்காமல் புதிய இம்பெல்லரைப் போட்டால், தாரை நன்றாகப் பீச்சினாலும் இஞ்சின் சூடேறலாம்.