மாற்று ஆட்டக்காரரின் தோளில் பலம் போதுமா?

அமெரிக்கக் கால்பந்து என்பது பெயருக்குத்தான் கால்பந்து. அதில் கைக்குத்தான் வேலை அதிகம். முட்டை வடிவப் பந்தைத் தன் அணியினருக்கு வீசி ஆட்டத்தை நடத்துபவர் 'குவார்ட்டர்பேக்'. அவருக்கு அடிபட்டால் இறங்குவதற்கு ஒரு மாற்று ஆட்டக்காரர் ஓரத்தில் காத்திருப்பார். சிலருக்கு அந்த வாய்ப்பு வர வருடக் கணக்காகும். வந்ததும் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கையில் பலம் இருக்கிறதா?" என்பதுதான்.

தூரமா, வேகமா?

பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதை வைத்துப் பலத்தை அளப்பது தவறு. 60 கஜம் வீச வேண்டிய சந்தர்ப்பம் அபூர்வமாகவே வரும். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டிலிருந்து உயரத் தூக்கி எறிந்தாலும் பந்து விக்கெட் கீப்பரிடம் வந்து சேரும். ஆனால் அதற்குள் ஓடுபவர் கோட்டுக்குள் வந்துவிடுவார். இங்கும் அதே கதைதான்.

உண்மையான பரீட்சை மைதானத்தின் குறுக்கே வீசுவது. 12 கஜம் முன்னால் நிற்பவருக்குத்தான் பந்து போகிறது. ஆனால் வீசுபவர் 7 கஜம் பின்வாங்கி நிற்கிறார். எதிர்ப்புற எல்லைக் கோடோ பக்கவாட்டில் சுமார் 30 கஜம் தள்ளி இருக்கிறது. ஆகவே பந்து காற்றில் கடப்பது 35 கஜம்.

காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 55 மைல் வேகத்தில் அது 1.3 விநாடியில் சேரும். 50 மைல் வேகத்தில் 1.4 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அந்தச் சிறு இடைவெளியில் எதிரணித் தடுப்பாளர் ஏறக்குறைய ஒரு கஜம் ஓடிவிடுவார். பந்தைப் பறிக்க அது போதும்.

ஈடுகட்ட வழி

பலம் குறைந்தவர் தன் ஆள் திரும்பும் முன்பே பந்தை விடுவார். காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, உடம்பின் பலத்தைக் கைக்குக் கொண்டுவருவார். ஆனால் முன்கூட்டியே வீச, யார் எங்கே திரும்புவார் என்பது பழகியிருக்க வேண்டும். வாரப் பயிற்சியில் பெரும்பகுதி முதல் ஆட்டக்காரருக்கே போய்விடுகிறது. மாற்று ஆட்டக்காரரின் சங்கடமே இதுதான். குறைக்கு மருந்து பழக்கம்; அந்தப் பழக்கம்தான் அவருக்குக் கிடைப்பதில்லை.

சரித்திரம் சொல்வது

2007ல் முதல் ஆளாகத் தேர்வான ஜமார்க்கஸ் ரஸ்ஸலின் கைபலத்தை எல்லோரும் வியந்தார்கள். அவர் தொடங்கிய 25 ஆட்டங்களில் அணி வென்றது 7 மட்டுமே. 2010ல் அணி அவரை விடுவித்தது.

2000ல் 199வது ஆளாகத் தேர்வானவர் டாம் பிரேடி. கைபலம் போதாது என்பது அன்று அவர்மீது சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. 2001ல் ட்ரூ பிளெட்சோ காயமடைந்ததும் களமிறங்கினார். அந்தப் பருவத்திலேயே சூப்பர் பவுல் வென்றார். ஓய்வு பெறும்போது அவர் வென்றிருந்தவை 7.

இதனால் பலமே வேண்டாம் என்று பொருளல்ல. குறுக்கு வீச்சு நேரத்துக்குச் சேரும் அளவுக்கு வேண்டும். அதற்கு மேல் உள்ளது லாபம். ஆனால் அதுவே ஜெயிக்க வைக்காது.

எனவே ஒரே ஆட்டத்தைப் பார்த்து மாற்று ஆட்டக்காரருக்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஒரு மாதம் முழுப் பயிற்சி கிடைத்த பிறகு பார்க்க வேண்டும். அப்போதும் பந்து தாமதமாகவே சேர்ந்தால் குறை தோளில். நேரத்துக்குச் சேர்ந்தால், அதுவரை அவரிடம் இல்லாதிருந்தது பலம் அல்ல, வாய்ப்பு.