விளையாட ஆசை யாருக்குத்தான் இல்லை?



சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு நம்ம கூட்டங்களில் பிள்ளைங்க பேச்சு வரும். சில சமயம் ஒரு தாய் மட்டும் எல்லாரும் போகும்வரை காத்திருந்து, "மேடம், என் பையன் பொம்பளப் புள்ள மாதிரி நடக்குறான். பள்ளிக்கூடமும் போக மாட்டேங்குறான்" என்பார். அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசிப் பார்த்தால், பயம் பெரும்பாலும் பாடத்தில் இருக்காது. பி.டி. பீரியடில் இருக்கும்.

ஆண் என்று வளர்க்கப்பட்டு, மனதால் தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இது நோயும் இல்லை, வளர்ப்புக் கோளாறும் இல்லை.

மைதானத்தில் பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள். இந்தப் பிள்ளை எங்கே நிற்கும்? பையன்கள் பக்கம் நின்றால் பந்து வராது, பட்டப்பெயர்தான் வரும். பெண்கள் பக்கம் போனால் வாத்தியார் விரட்டுவார். வயித்து வலி என்று சொல்லி வகுப்பிலேயே உட்காரும். பிறகு வீட்டிலேயே உட்காரும். ஒருநாள் சொல்லாமல் பஸ் ஏறிவிடும். இப்படிப் போன பிள்ளைகள் எத்தனை பேர்!

திருநம்பிகள் கதை கொஞ்சம் வேற. கபடி ஆடுகிற பெண்பிள்ளை முடியைக் குட்டையாக வெட்டினாலும், டீ-சர்ட் போட்டாலும் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நிம்மதியாக மூச்சுவிட அந்த மைதானம் ஒன்றுதான் இருக்கும். வயதுக்கு வந்ததும், "ஆடினது போதும்" என்று அதையும் நிறுத்திவிடுகிறோம்.

மணிப்பூர் மாநிலத்தில் கால்பந்து என்றால் உயிர். அங்கே இம்பாலில் 'யா ஆல்' என்ற அமைப்பு 2020-ல் திருநர் மட்டுமே ஆடும் கால்பந்து அணியை உருவாக்கியது. பக்கத்துக் கேரளாவில் 2017 ஏப்ரலில் மாநில விளையாட்டுக் கவுன்சிலே திருவனந்தபுரத்தில் இவர்களுக்கென்று தடகளப் போட்டி நடத்தியது. ஓட்டம் வைத்தார்கள், நீளம் தாண்டுதல் வைத்தார்கள்.

அப்படி என்ன சந்தோஷம் என்று கேட்கலாம். உடம்பை மறைத்து மறைத்தே வாழ்கிற பிள்ளைங்க இவர்கள். நடை எப்படி, குரல் எப்படி என்று நாள் முழுக்கப் பயம். ஓடும்போது அது மறந்துபோகிறது. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பந்தைத் தருகிறார்கள். அந்த உடம்பு அணிக்கு வேண்டியதாக ஆகிவிடுகிறது.

ஒரு ஊரில் பொங்கலுக்குக் கயிறு இழுக்கும் போட்டி. ஆள் குறைந்ததால் நம் குழுப் பெண்கள் ஒரு இளம் திருநங்கையைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். தோற்றுத்தான் போனார்கள், அது வேறு விஷயம். சிவந்துபோன உள்ளங்கையை அந்தப் பொண்ணு சாயந்திரம் வரை எல்லாரிடமும் காட்டிக்கொண்டே திரிந்தது.

பெரிய போட்டிகளில் விதிகள் வேறு. ஆணாகப் பருவமடைந்த திருநங்கையரைச் சர்வதேசப் பெண்கள் போட்டிகளில் சேர்ப்பதில்லை என்று உலகத் தடகள அமைப்பு 2023-ல் முடிவு செய்தது. உடல்வலு சம்பந்தப்பட்ட அந்த வாதம் அங்கே நடக்கட்டும். நம்ம ஊர்ப் பொங்கல் விளையாட்டில் பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். அதுக்குமா விவாதம்?

உங்களில் பலர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பிள்ளை உடை மாற்ற ஒரு தனி இடம் உண்டா, கேலி செய்பவர்களை ஆசிரியர் கண்டிக்கிறாரா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்க. பிள்ளையின் பெயரை மட்டும் சபையில் சொல்லாதீங்க. ஊர் விளையாட்டுக்குப் பேர் எழுதும்போது, எந்தப் பேரில் கூப்பிடணும் என்று அவங்ககிட்டயே கேட்டு, அதையே மைக்கில் சொல்லச் சொல்லுங்க.